மறைவிடத்தில் வரும் பாலுண்ணி: வெட்கமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்



கை கால் வலியென்றால் உடனே டிஸ்பென்சரிக்குப் போகிறோம். மறைவிடத்தில் ஒன்று வந்துவிட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. சுண்ணாம்பு தடவுவது, நூலால் கட்டி அறுப்பது, பிளேடால் வெட்டுவது என்று லயத்துக்குள்ளேயே வைத்தியம் நடக்கிறது. புண்ணாகி நடக்க முடியாமல் போன பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. அதனால் இந்த முறை இதைப் பற்றியே எழுதுகிறோம். பெரியவர்கள் எல்லாரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது என்ன?

ஆண், பெண் உறுப்பிலும் அதைச் சுற்றியும் மலவாசல் பக்கத்திலும் சின்னச் சின்ன முளைகள் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு, சிலருக்குப் பூக்கோவா மாதிரி கூட்டமாய் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. அரிப்பு இருக்கலாம். எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமிதான் காரணம். இதில் பல வகை உண்டு. 100 பேருக்குப் பாலுண்ணி வந்தால் சுமார் 90 பேருக்கு 6ஆம், 11ஆம் வகைகளே காரணம். இவை புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் அல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் 16ஆம், 18ஆம் வகைகள்.

எப்படித் தொற்றும்?

உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றும். முளை கண்ணுக்குத் தெரியாத ஆளிடமிருந்தும் தொற்றலாம். பீலித் தண்ணீரிலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, கூட இருந்து சாப்பிடுவதாலோ வராது. ஆகவே நோய் வந்தவரை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

யார் கொடுத்தது?

வீட்டில் சண்டை வருவதே இந்தக் கேள்வியால்தான். கிருமி உடம்புக்குள் போய்ச் சில கிழமையிலும் முளை வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம், சிலருக்கு வருஷக் கணக்கும் ஆகும். அதனால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று டொக்டராலும் சொல்ல முடியாது. கலியாணத்துக்கு முந்தி வந்த கிருமியாகவும் இருக்கலாம். பாலுண்ணியைக் காட்டி, "நீ தப்புப் பண்ணிட்ட" என்று பெண்சாதியை அடிப்பதும், புருஷனைச் சந்தேகப்படுவதும் நியாயமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போய்க் காட்டுங்கள்.

எங்கே காட்டுவது?

நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி உட்படப் பல இடங்களில் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். யாருடைய கடிதமும் தேவையில்லை. விஷயம் வெளியே போகாது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் மருத்துவிச்சியம்மாவைத் தனியாகக் கேளுங்கள்.

டொக்டர் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். வேறு பாலியல் நோய் இருக்கிறதா என்று இரத்தமும் பார்ப்பார்கள். மருந்து தடவியோ, குளிரால் உறைய வைத்தோ, சுட்டோ முளையை அகற்றுவார்கள். பல தடவை போகவேண்டி வரும். முளை போனாலும் கிருமி கொஞ்ச நாள் தங்கும், திரும்பவும் வரலாம். அதற்காக மனம் விட வேண்டாம். பெரும்பாலானவர்களின் உடம்பு ஓரிரு வருஷத்தில் கிருமியை அடக்கிவிடும். பிள்ளைத்தாச்சியாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், சில மருந்துகள் அப்போது ஆகாது. கையில் வரும் உண்ணிக்குக் கடையில் விற்கும் மருந்தை அங்கே போடாதீர்கள், வெந்துவிடும்.

தடுப்பது எப்படி?

1. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருங்கள்.

2. கொண்டம் பாவியுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, கொண்டம் மூடாத இடத்தால் தொற்றலாம். ஆனாலும் ஆபத்துக் குறையும். முளை இருக்கும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது.

3. 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். முக்கியமாகப் புற்றுநோயைத் தடுக்கத்தான் இந்த ஊசி. 6ஆம், 11ஆம் வகைகளும் சேர்ந்த ஊசி பாலுண்ணியையும் தடுக்கும். "ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாது" என்ற பேச்சு பொய். பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

4. பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்க் கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரை நாள் பேர் போகுமே என்று பார்க்காதீர்கள். புற்றுநோய் முற்றினால் போவது அரை நாள் பேர் அல்ல, ஒரு குடும்பத்தின் தாய்.