அலையறிந்து இறங்குக

நுழையும்முன்

கடல் எல்லாக் கரைகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தீவின் ஒரு கரையில் குழந்தைகள் நீராடிக்கொண்டிருக்கும் வேளையில் மறுகரையில் படகும் இறங்க முடியாத சீற்றம் நிலவும். காலையில் நீந்துவதற்கேற்ற இடம் நண்பகலில் கூரிய பவளப்பாறைகளின் பரப்பாகக் காட்சியளிக்கும். தீவுப் பயணத்தில் எந்தக் கரைக்கு, எப்போது, எதற்காகச் செல்வது என்பதை அந்தமான் தீவுகளை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

வங்கக் கடலில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,350 கி.மீ. தொலைவில் அந்தமான் தீவுகள் அமைந்துள்ளன. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த தலைநகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பெரிதும் நாடும் ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகள் 2018 முதல் முறையே சுவராஜ் தீவு, சாகித் தீவு என வழங்கப்பெறுகின்றன. அழகிய கரைகள் பல இருப்பதனாலேயே இங்குத் தேர்வு தேவையாகிறது. அத்தேர்வுக்கு நிழற்படங்கள் உதவா. காற்றும் ஓதமும் நிலத்தின் இயல்புமே வழிகாட்டிகள்.

காற்றும் கரையும்

அந்தமான் இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் நிலம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரைகளில் பேரலைகளை எழுப்பும். அடுத்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது கிழக்குக் கரைகள் கொந்தளிக்கும். பொதுவாக, சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும்.

சுவராஜ் தீவின் இராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. மாலையில் கதிரவன் மறையும் காட்சியைக் காண ஏற்ற இடம் அது. காலாபத்தர் கடற்கரையோ கிழக்கு நோக்கியது; அங்குக் கதிரவன் எழுவதைக் காணலாம். ஒரு கரை எத்திசை நோக்கியது என்று அறிந்தால், எந்த மாதத்தில் அங்கு அலை மிகும் என்பதையும் உய்த்துணரலாம்.

ஓதம் வகுக்கும் நேரம்

கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் கழியும். இன்று காலை 6 மணிக்கு உயர் ஓதம் எனில், நண்பகல் 12.12 அளவில் தாழ் ஓதம், மாலை 6.25 அளவில் மீண்டும் உயர் ஓதம். நாளைக் காலை அது 6.50 அளவில் நிகழும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று புறப்படுவது ஏன் பிழை என்பது இதனால் விளங்கும். அமாவாசை, முழுநிலவு நாள்களை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகுதியாக இருக்கும்.

சாகித் தீவின் இலட்சுமண்பூரில் இயற்கை செதுக்கிய பாறைவளைவு ஒன்று உண்டு. தாழ் ஓதத்தில்தான் அதனருகே நடந்து செல்ல இயலும். நீர் ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். அதே தீவின் பரத்பூர் கடற்கரையில் நிலைமை நேர்மாறானது. அங்கு நீர் ஆழமற்றது. அடியில் பவளத்திட்டு பரந்துள்ளது. நீர் வற்றும்போது நீந்த முயல்வோர் பவளத்தின்மீது மோதுவர். அவர்கள் உடலும் காயமுறும், பவளமும் உடையும். எனவே, நடப்பதற்குத் தாழ் ஓதமும் நீந்துவதற்கு நீர் நிறைந்த பொழுதும் உரியவை.

மணற்கரையும் பவளக்கரையும்

கடலாடுதல், பவளங்காணுதல் ஆகிய இரண்டும் ஒரே கரையில் அமைவது அரிது. அகன்ற மணற்பரப்புடைய இராதாநகர் கடலாடுதற்கு உகந்தது. பவளங்காண விரும்புவோர் அங்கு ஏமாறுவர். அவர்கள் நாட வேண்டியது எலிபண்ட் கடற்கரை. முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீர்ப்பரப்பில் மிதந்தவாறே அடியிலுள்ள உலகைக் காணும் ஸ்நார்கெலிங் அங்குப் புகழ்பெற்றது. நீந்தத் தெரியாத முதியோருக்கும் சிறுவர்க்கும் கண்ணாடி அடித்தளப் படகு ஏற்றது.

அமைதியில் மறைந்த ஆபத்து

அலைகள் உடையும் கரையில், இரு அலைத்தொகுதிகளுக்கு இடையே அமைதியாகத் தோன்றும் ஓரிடம் இருக்கலாம். அங்கு நீர் சற்றுக் கருமையாகத் தெரியும். நுரை கடல்நோக்கி நகரும். அலையற்ற இடமே பாதுகாப்பானது எனக் கருதி அங்கு இறங்குவோர் பலர். ஆனால், கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டம் அதுவே. அதன் விசை தேர்ந்த நீச்சல் வீரரையும் உள்ளிழுத்துச் செல்ல வல்லது.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்து மூழ்குவர். உயிர்காக்கும் வழி வேறு: பதற்றமின்றி மிதக்க வேண்டும்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும்; இழுப்பிலிருந்து விடுபட்டபின் கரை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் வெறுங்கையுடன் பாய்ந்துவிடாமல், மிதவைப் பொருளை வீசி, உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும். செங்கொடி பறக்கும் நாளில் கடலில் இறங்காமையே அறிவுடைமை. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளை ஒட்டிய நீரிலும் உவர்நீர் முதலைகள் வாழ்வதால், எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களில் நீராடுதல் கூடாது.

ஆழ்நீரில் மூச்சு

காற்றுக்கலன் சுமந்து மூழ்கும் ஸ்கூபாவிற்குப் பயிற்சியாளரின் துணை கட்டாயம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கு நுரையீரல் நிறைய உள்ளிழுத்த காற்றை அடக்கியபடி மேலெழுந்தால் காற்று விரிந்து நுரையீரலைச் சிதைக்கும். ஆகவே, மூச்சை அடக்காமை முதல் விதி. மூழ்கிய உடனே வானூர்தியில் ஏறுதலும் தீங்கு. ஒரு நாள் இடைவெளி விடுவது நலம். பயணத்தின் கடைசி நாளில் ஸ்கூபாவை வைத்துக்கொள்ளலாகாது.

விருந்தினர் கடமை

பவளம் கல்லன்று, நுண்ணுயிர்ப் பாசிகளோடு கூடிவாழும் சிற்றுயிர்களின் குடியிருப்பு. கடல்நீர் அளவுக்குமீறிச் சூடேறும்போது பாசிகள் நீங்கிப் பவளம் வெளிறும். 2010ஆம் ஆண்டில் அந்தமான் பவளங்கள் இவ்வாறு பெருமளவில் வெளிறின. வெப்பத்தால் நலிந்த உயிரை நம் காலடியும் நலிவிக்கலாமா? வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய தீவுகள் மாறிமாறித் திறக்கப்படுகின்றன. ஒன்று பயணிகளை வரவேற்கையில் மற்றொன்று ஓய்வு கொள்கிறது. பவளத்தை எடுத்துச்செல்வது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

தெரிந்து தெளிவோம்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார் என்பது ஆய்வாளர் கருத்து.

நெய்தல் நிலத்து மக்கள் காற்றையும் நிலவையும் நீரின் நிறத்தையும் பார்த்தபின்பே கடலில் இறங்கினர். கடலோடு விளையாடச் செல்லும் நமக்கும் அப்பார்வை வேண்டும். "இன்று இறங்க வேண்டா" என்று உள்ளூர் மீனவர் ஒருவர் சொன்னால், அச்சொல்லை ஏற்றுக் கரையில் அமர்ந்திருப்பதும் நல்ல பயணத்தின் ஒரு பகுதியே.

கற்பவை கற்றபின்…

1. இன்று காலை 9 மணிக்கு உயர் ஓதம் எனில், பாறைவளைவைக் காணப் புறப்பட ஏற்ற நேரத்தைக் கணக்கிடுக.

2. பாட்டி, பெற்றோர், பத்து வயதுத் தம்பி ஆகியோருடன் பிப்ரவரியில் அந்தமான் செல்வதாகக் கொண்டு, மூன்று நாள் பயணத்திட்டம் ஒன்றைக் காரணங்களுடன் எழுதுக.

3. இழுப்பு நீரோட்டம் குறித்த எச்சரிக்கைப் பலகைக்குரிய வாசகத்தை இருபது சொற்களில் உருவாக்குக.