கொல்லையில் கீரைப் பாத்தி

கூலாயில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் நமக்குப் பயிர்த்தொழில் படிப்புக் கிடையாது. நம் வீட்டார் பிள்ளை உண்டாகியிருந்த சமயம் இரத்தம் குறைவென்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, கீரையும் சாப்பிடச் சொன்னார்கள். அதன்பேரில்தான் மண்வெட்டியைத் தொட்டோம்.

மலாய்க்காரர்கள் பாயம் என்று சொல்வது நம் தண்டுக்கீரை இனமே. பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. இளசாகப் பிடுங்கினால் முளைக்கீரை. சிறுகீரை, அரைக்கீரை, வேலியோரத்து முள்ளுக்கீரை எல்லாம் ஒரே இனந்தான்.

முதல் விதைப்பு வீணாயிற்று. விதை கேழ்வரகைவிடப் பொடி. அள்ளித் தூவியதில் ஒரே இடத்தில் மயிர்போல் முளைத்தது. அதுவும் டிசம்பர் மழையில் ஓடிப்போயிற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேடில்லாத பாத்தி போடுவது பிசகென்று அப்போதுதான் புரிந்தது.

மறுமுறை ஒரு சாண் உயரப் பாத்தி எடுத்தோம். நம் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண்ணாதலால் முன்கூட்டியே சுண்ணாம்புத் தூள் கலந்தோம். எரு மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். ஒரு கரண்டி விதைக்குப் பத்துக் கரண்டி உலர்ந்த மணல் சேர்த்துத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, கையால் தண்ணீர் தெளித்தோம். நாலைந்து நாளில் முளை கண்டது. மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கினோம். தண்டு வேண்டியவர்கள் சாணுக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். பூ வருமுன் நுனி கிள்ளினால் பக்கக்கிளை தழைக்கும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துக. மாலையில் இலை நனையத் தண்ணீர் விடாதீர்.

சாப்பிடும் விஷயத்தில் இரண்டு சங்கதி. கீரையில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டினால் குறையும். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். மற்றொன்று, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் தடைப்படும். கடைக்காரர்களாகிய நமக்கு இதுவே பெரிய சங்கடம்! வீட்டில் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணீர் என்று ஏற்பாடு செய்தோம். நம்மால்தான் முதல் வாரம் முடியவில்லை.

வீட்டாருக்கு இரத்தம் ஏறியது. மாத்திரையின் வேலையே பெரிது. கீரையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்துவோர் மோசம்போவர். பிள்ளைகள் வெறுங்கீரையைத் தொடமாட்டார்கள். தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கூனியும் போட்டு ஆணம் காய்ச்சினால் சட்டியை வழிக்கிறார்கள்.

நான்கு செடிகளை விதைக்கு விட்டிருக்கிறோம். வேண்டியவர்கள் கடைக்கு வந்து ஒரு பொட்டலம் வாங்கிப் போகலாம், காசு வேண்டாம்.