மேன்முறையீட்டை மீளப்பெறுமுன்

தாழ்வுபாட்டிலிருந்து பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் அலைந்து களைத்தவர், "இனி இந்த மேன்முறையீடே வேண்டாம்" என்று எண்ணுவது இயல்பு. மீளப்பெறுவது அவரது உரிமையே. ஆனால் விளங்காமல் இடும் ஒப்பம், கிடைக்க வேண்டியதையும் இழக்கச் செய்துவிடும்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். முன்னாள் படைவீரர் ஒருவர் இயலாமைக் கொடுப்பனவு கோரி 11 விடயங்களில் மேன்முறையீடு செய்தார். விசாரணையில், அவற்றுள் 7ஐ மீளப்பெறுகிறீர்களா என்று கேட்டபோது "ஆம்" என்றார். அந்த ஏழும் தள்ளப்பட்டன. 2018இல் மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளைவை முழுமையாக விளங்கித்தான் "ஆம்" என்றாரா என்பதை ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அத்தீர்ப்பு எமது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் காணி நட்டஈடோ அஸ்வெசும கொடுப்பனவோ எதுவானாலும், ஒப்பமிடுமுன் நாமும் கேட்க வேண்டியவை இவை:

1. மீளப்பெறுவது முழுவதையுமா, ஒரு பகுதியையா? காணிக்கான கோரிக்கையை விடும்போது வீட்டுக்கான கோரிக்கையும் சேர்ந்து போகக் கூடாது.

2. பிறகு மீண்டும் கேட்க முடியுமா? கடைசித் திகதி எது?

3. கடிதம் தமிழில் உள்ளதா? 1987இல் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே.

4. திகதி முத்திரையிட்ட பிரதி எம் கையில் உள்ளதா?

கோவையின் நிலை தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

களைப்பில் முடிவெடுக்க வேண்டாம். வீட்டாரோடும், விபரம் தெரிந்த ஒருவரோடும் கடிதத்தை வாசித்துப் பார்த்த பின்பே ஒப்பமிடுவோம்.

கலந்துரையாட: எமது ஊர்க் குடும்பங்களின் எந்தெந்த மேன்முறையீடுகள் இன்னும் முடிவின்றிக் கிடக்கின்றன?