ஏழு பேரையும் தேடு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. எதிர்வீட்டு அம்மையார் இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன தன் தாய்மாமனைத் தேடித் தரச் சொன்னார், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், இப்போது முழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். குடியிருக்கும் ஊர் விஷயத்தில் நீ அதிர்ஷ்டசாலி. ஜெர்மனிமேல் குண்டு போடப் போன லங்காஸ்டர் விமானங்களில் ஏராளமானவை உன் லிங்கன்ஷயர் வயல்களுக்கு நடுவே இருந்த தளங்களிலிருந்துதான் கிளம்பின. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அதில் 55,573 பேர் செத்தார்கள். நம் பக்கத்துப் பெயரும் அங்கே உண்டு. யார்க்ஷயரின் பாக்லிங்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானங்களை ஓட்டிய 102ஆம் படைப்பிரிவுக்குச் 'சிலோன்' என்று பெயர். போர்ச் செலவுக்கு இலங்கை கொடுத்த பணத்துக்கான மரியாதை அது.

உன் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பெயர், சார்ஜென்ட் பதவி, லங்காஸ்டரின் முதுகிலிருந்த கூண்டில் துப்பாக்கி பிடித்தவர் என்ற தகவல், 1944 மார்ச் 30 என்ற தேதி. அந்தத் தேதியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அன்றிரவு நியூரம்பர்க்குக்குப் போனவை 795 விமானங்கள், 95 திரும்பவில்லை. போர் முழுவதிலும் பாம்பர் கமாண்ட் ஒரே இரவில் இத்தனை விமானங்களை இழந்ததில்லை. நிலா வெளிச்சம், வளைந்து போகாமல் நெடுந்தூரம் நேர்கோட்டில் பறக்கச் சொன்ன பாதை. ஜெர்மனியின் இரவுச் சண்டை விமானங்கள் அந்தக் கோட்டிலேயே காத்திருந்தன. அதனால் அவர் விழுந்த இடத்தை நியூரம்பர்க்கில் தேடாதே. ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே விழுந்தவைதான் அதிகம்.

முதலில் அவரைத் தேடுவதை நிறுத்திவிடு, விமானத்தைத் தேடு. இருபது வயது துப்பாக்கிக்காரச் சார்ஜென்ட்டைப் பற்றித் தனியாக யாரும் பக்கம் பக்கமாக எழுதிவைக்கவில்லை. விமானத்தைப் பற்றி எழுதினார்கள். கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் ஒவ்வொரு படைப்பிரிவின் நடவடிக்கைப் பதிவேடும் இருக்கிறது. அதில் 541 என்ற படிவத்தைப் பார். விமான எண், குழுவினர் பெயர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று கட்டங்கள் இருக்கும். திரும்பிய விமானங்களுக்கு எதிரே எந்த உயரத்திலிருந்து குண்டு போட்டோம், கீழே என்ன தெரிந்தது என்று நாலைந்து வரி. உன் விமானத்துக்கு எதிரே இறங்கிய நேரம் காலியாக இருக்கும். கிளம்பிய பிறகு தகவல் இல்லை என்கிற மாதிரி ஒரு வரியோடு முடிந்துவிடும். அதற்காகப் பதிவேட்டை மூடிவிடாதே. முந்தைய மாதங்களைப் புரட்டு. அதே பெயர்கள் பெர்லினுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் போய்த் திரும்பியிருக்கும். ஒரு பணிச் சுற்று என்றால் முப்பது பயணம். இவர் எத்தனையாவதில் போனார் என்பது அங்கேதான் தெரியும்.

விமான எண்ணில் அவசரப்படாதே. வாலுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் அந்த ஒரு விமானத்துக்கே உரியவை. பக்கவாட்டில் பெரிதாக இருக்கும் படைப்பிரிவு எழுத்துகள் அப்படியல்ல. ஒன்று விழுந்தால் அடுத்து வந்த விமானத்துக்கு அதே எழுத்தைப் போட்டுவிடுவார்கள். குடும்பப் புகைப்படத்தில் எழுத்து பொருந்துகிறது என்று துள்ளிக்குதித்தவர்கள் பலர், அது வேறு விமானமாக இருக்கும். நெதர்லாந்தில் மார்க்கர்மீர் ஏரிக்குள் கிடந்த ஒரு ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானத்தை முதலில் பிகே710 என்றுதான் நம்பினார்கள். பிறகு நுணுகிப் பார்த்தபோது பிகே716 என்று ஆயிற்று. 2020இல் ஏரியிலிருந்து எடுத்தார்கள். கடைசி இலக்கம் மாறினால் காத்திருக்கும் குடும்பங்களே மாறிவிடுகின்றன, பார்.

இனி ஏழு பேர். விமானி, என்ஜினியர், வழிகாட்டி, குண்டு போடுபவர், வயர்லெஸ்காரர், துப்பாக்கிக்காரர் இருவர். சில சமயம் எட்டாவதாக ஒருவர் இருப்பார். சொந்தக் குழுவோடு பறப்பதற்குமுன் அனுபவத்துக்காக ஏற்றிவிடப்பட்ட புது விமானி. ஏழு பெயரும் கிடைத்ததும் அதில் ஓர் ஆஸ்திரேலியரோ கனடாக்காரரோ இருக்கிறாரா என்று பார். இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஏ705 வரிசையில் அவர்களுடைய இழப்புக் கோப்புகள் இருக்கின்றன. பெயர் என்னவோ ஒருவருடையது. உள்ளே இருப்பது பெரும்பாலும் முழுக் குழுவின் கதை. போரில் இறந்த கனடாக்காரர்களின் சேவைக் கோப்புகளும் ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன. பிரிட்டனின் சொந்த இழப்புக் கோப்புகள் ஏஐஆர் 81 வரிசையில் தவணை தவணையாகத்தான் வெளியே வருகின்றன. உன் ஆளின் கதையை இன்னொருவர் கோப்பில் கண்டுபிடிப்பது இந்த வேலையில் சகஜம். ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு கியூவில் ஆண்டுகளைக் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

அந்தக் கோப்புகளுக்குள் தேடல் அதிகாரிகளின் அறிக்கை கிடைத்தால் நிதானமாகப் படி. போர் முடிந்தபோது விமானப்படையில் 42,000 பேர் அளவுக்குத் தகவல் இல்லாமல் இருந்தார்கள். காணாமற்போனோர் தேடல் பிரிவின் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் மேயரை, பாதிரியாரை, குழிவெட்டியை விசாரித்தார்கள், கல்லறையைத் தோண்டினார்கள். சட்டைக் கழுத்தில் சலவைக் குறி, பூட்ஸின் அளவு, மார்பில் தைத்த அரைச் சிறகுப் பட்டையில் இருக்கும் எழுத்து, பல்வரிசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆளைத் தீர்மானித்தார்கள். துப்பாக்கிக்காரரின் பட்டையில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்து இருக்கும். இரண்டு துப்பாக்கிக்காரர்களில் யார் எவர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டுக் கல்லறைகள் உருவான காரணங்களில் அதுவும் ஒன்று. பிறகு சிதறிக்கிடந்த உடல்களை ரைஷ்வால்ட், ஹனோவர், டர்ன்பாக் மாதிரி பெரிய மயானங்களுக்கு மாற்றினார்கள். ஆகவே கல்லறை இருக்கும் இடம் விழுந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. கல்லறையே இல்லை என்றால் பெயர் ரன்னிமீட் நினைவகத்தின் சுவரில் இருக்கும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு.

இந்த அறிக்கைகளில் வேறொன்றும் இருக்கும். அந்தக் காலத்துத் தாய்மாருக்குச் சொல்லாமல் மறைத்தவற்றை நீ படிக்கப்போகிறாய். எரிந்தது, எத்தனை பேரை அடையாளம் காண முடிந்தது, எல்லாம். கோப்பை அப்படியே அந்த அம்மையார் கையில் திணிக்காதே. உள்ளே கடுமையான விவரங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். அவர் சொல்கிற இடத்தில் நிறுத்து. அதே சமயம், வலி தெரியாமல் போயிருப்பார் என்று நீயாக ஒரு வரி சேர்க்காதே. நாக்கின் நுனிவரை வரும். உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்த ஜெர்மன் விமானி சுட்டார் என்பதும் அப்படித்தான். அந்த இரவின் உரிமைகோரல்களையும் இழப்புகளையும் பொருத்திப் பட்டியல் போட்ட நூல்கள் உண்டு. அதிலிருந்து எடுப்பதை 'இவராக இருக்கலாம்' என்றே எழுது.

கீழே இருந்தவர்களை விட்டுவிடாதே. பெர்லின் பயணங்களை எழுதும்போது அங்கே விழுந்த குண்டுகளையும் ஒரு பத்தியாவது எழுது. அம்மையார் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தொண்ணூறை நெருங்குகிறவருக்கு அதைத் தாங்கத் தெரியும். பேரப்பிள்ளைகள்தான் வீரக்கதை மட்டும் வேண்டும் என்பார்கள்.

கியூவுக்கு ரயில் டிக்கெட் எடுக்குமுன் அம்மையார் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல். இறந்தவர்களின் உடைமைகள் ஸ்லௌவுக்குப் பக்கத்தில் கோல்ன்புரூக்கிலிருந்த கிடங்கு வழியாகத்தான் வீடு திரும்பின. உடன் வந்த பொருள் பட்டியலை நிறையப் பேர் பத்திரமாக வைத்திருப்பார்கள். பறப்புப் பதிவேடு வீட்டில் இருந்தால் அது உனக்குப் புதையல். யாரும் கேட்டு வாங்காத பதிவேடுகளை, மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு, 1960 வாக்கில் அரசே அழித்துவிட்டது. எல்லாவற்றையும்விட, பழைய கடித உறைகளைப் பார். குழுவிலிருந்த மற்றவர்களின் வீட்டு முகவரிகள் குடும்பங்களுக்குக் கிடைப்பதுண்டு. உங்கள் பையனிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று தாய்மார் ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த அம்மையாருக்கு அறிமுகமில்லாத குடும்பப் பெயரில், 1944 ஏப்ரல், மே முத்திரையோடு உறை ஏதும் இருக்கிறதா? இருந்தால் பெயரையும் ஊரையும் தேதியையும் குறித்து எனக்கு உடனே அனுப்பு. கியூவில் எந்தப் பக்கத்தைக் கேட்பது என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்