லயத்துப் பின்பக்கம் ஒரு பசளைக் கூடு



சமையல் முடிந்ததும் மரக்கறித் தோல், சாயச் சக்கை, வாழைத்தோல் எல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் லயத்துக் கானுக்குத்தான். கான் அடைக்கிறது, ஈ மொய்க்கிறது, எலி வருகிறது. மழை பெய்தால் மேல் லயத்துக் குப்பைத் தண்ணீர் கீழ் லயத்து வாசலுக்கு வந்துவிடும். பிறகு இரண்டு லயத்துக்கும் சண்டை. தீர்த்து வைக்க எங்களைக் கூப்பிடுவீங்க!

2018-ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டங்களுக்குச் செலவு செய்யச் சபைகளுக்குச் சட்டமே தடையாக இருந்தது. இன்றும் குப்பை வண்டி எட்டாத லயங்கள் உண்டு. வண்டி வரட்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. அந்த வண்டி கொண்டுபோகிற குப்பையும் எங்கேயோ குவியத்தானே வேண்டும்? கண்டி நகரக் குப்பை கொஹாகொடையில் மகாவலிக் கரையோரம் மலையாகக் குவிந்த கதை நமக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், லயத்து ஓரத்து மண்ணைப் பாருங்கள். கல்லும் செம்மண்ணும்தான். லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நடுவதற்கு முன்பே, கோப்பிக்காக இந்த மலைகளில் காடு வெட்டப்பட்டது. அன்றிலிருந்து மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டே போகிறது. அந்த மண்ணுக்குச் சாப்பாடு வேண்டும். நாம் கானில் கொட்டுவதுதான் அதற்குச் சாப்பாடு.

எங்கள் முதல் கூடு

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் முதலில் கட்டிய கூடு கெட்டுப்போனது. நாலு பக்கமும் தகரத்தை இறுக்கி அடித்தோம், ஒரு ஓட்டைகூட இல்லை. குசினிக் கழிவு மட்டும் கொட்டினோம். இரண்டாம் கிழமை நாற்றம், புழு. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஐயா, நீங்களே இப்படிச் செஞ்சா நாங்க யாருகிட்ட போய்ச் சொல்லுறது?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

பிழை இரண்டு. காற்று போக வழியில்லை, காய்ந்த பொருள் சேர்க்கவில்லை. குப்பையைப் பசளையாக்குவது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள். நம்மைப் போல அவற்றுக்கும் மூச்சு வேண்டும். காற்று இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கிற உயிர்கள்தான் பெருகும்.

தேவையான பொருட்கள்

1. கிளிசரிடியாக் கம்பு 4, ஐந்தடி நீளம். வேலியில் வெட்டலாம். தோட்டத்து மரமென்றால் முதலில் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேளுங்கள்.
2. கூரை மாற்றும்போது கழிக்கிற பழைய தகரம், உடைந்த பலகை அல்லது மூங்கில் பிளாச்சு.
3. பழைய ஆணி, கட்டுக்கம்பி.
4. மூடுவதற்கு, கழுவிய பழைய உரப் பை.

அஸ்பெஸ்டஸ் சீட் வேண்டவே வேண்டாம். அதை உடைத்தால் பறக்கிற தூசு நெஞ்சுக்குள் போய்ப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். மருந்து அடித்த கேன், டிரம் எதுவும் வேண்டாம். பழைய டயரும் வேண்டாம், தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். துருப்பிடித்த தகரம் கையை வெட்டினால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

கட்டும் முறை

பீலிக்கும் குடிதண்ணீர் வரும் இடத்துக்கும் தள்ளி, தண்ணீர் நிற்காத சமமான இடமாகப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி அளந்து நாலு மூலையிலும் அலவாங்கால் குழி போட்டுக் கம்புகளை நடுங்கள். கிளிசரிடியா பச்சையாக இருந்தால் துளிர்த்துவிடும். அந்த இலையே நல்ல பசளை.

தகரத்தில் ஒரு சாணுக்கு ஒன்றாக ஆணியால் ஓட்டை போட்டு மூன்று பக்கம் மூன்றடி உயரத்துக்கு அடியுங்கள். பலகை என்றால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். முன்பக்கப் பலகைகளைக் கம்பியால் கட்டினால் போதும், அவிழ்த்துப் பசளை எடுக்கலாம். அடியில் தகரம் வேண்டாம், மண்புழு ஏறி வரட்டும்.

மூன்றடி ஏன் என்று கேட்பீங்க. குவியல் அந்த அளவு இருந்தால்தான் நடுவில் சூடு நிற்கும். சின்னக் குவியலில் சூடு பறந்துவிடும், மட்கவும் நாளாகும்.

போடும் முறை

அடியில் சுள்ளி அரையடி. அதன்மேல் காய்ந்த இலை, காய்ந்த புல் இரண்டு கூடை. அதற்குமேல் குசினிக் கழிவோ பச்சை இலையோ ஒரு கூடை. மாட்டுச் சாணம் இருந்தால் கரைத்துத் தெளியுங்கள். கொஞ்சம் மண் தூவி, திரும்பவும் காய்ந்தது இரண்டு, பச்சை ஒன்று. அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி போதும், அதிகம் வேண்டாம்.

மீன், இறைச்சி, எண்ணெய்ச் சோறு போட்டால் எலி வரும். எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். 2008-இல் அந்தக் காய்ச்சல் நாட்டில் எவ்வளவு பரவியது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பொலித்தீன், பற்றரி, நாய் பூனைக் கழிவு, நோய் பிடித்த செடி இவையும் கூடாது.

ஒரு பிடி எடுத்துக் கையில் பிழிந்து பாருங்கள். கை ஈரமாகி ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். மழைக்குப் பையால் மூடுங்கள், பைக்கு மேல் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை முள்ளால் புரட்டுங்கள். கூடு நிறைந்து மூன்று மாதமளவில் கறுத்து, பொலபொலவென்று மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் பசளை தயார்.

இது போதுமா?

இதைப் பலர் கேட்கிறாங்க. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. கொழுந்து குறைந்து நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த வருஷம் நவம்பருக்குள் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய தேயிலை மலைக்கு ஓர் இரவில் கூட்டுப்பசளையால் ஈடு கொடுக்க முடியாது. ஆனால் பத்தடிப் பாத்தியில் கீரை, போஞ்சி, மிளகாய் வளர்க்க இது தாராளம். குழிக்கு இரண்டு கைப்பிடி மண்ணோடு கலந்து நடுங்கள்.

இது புதிய வித்தையும் அல்ல. அல்பர்ட் ஹோவாட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தியாவில் இந்தூரில் இருந்து இந்த அடுக்கு முறையை ஒழுங்குபடுத்தினார். சாணமும் சருகும் சேர்த்து எருக்குழி போட நம் பாட்டன்மாருக்கு அதற்கு முன்பே தெரியும்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு காம்பராக் கழிவில் இந்தக் கூடு நிறைய நாளாகும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்று கட்டுங்கள். முடிந்தால் மேல் லயமும் கீழ் லயமும் சேருங்கள். கானுக்காகச் சண்டை பிடித்தவர்கள் அடுத்த முறை ஒரே பாத்திக் கீரையைப் பங்கு போடட்டும். எங்களைக் கூப்பிடுங்கள், அலவாங்கோடு வருகிறோம்.