பிள்ளைகளின் பாதங்களும் குளிர்காலப் பூட்ஸும்

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் ரொறன்ரோப் பெரும்பாகத்துக் கடைகளில் பிள்ளைகளுக்கான குளிர்காலப் பூட்ஸ் வரிசையாக வந்து அமர்ந்துவிடுகின்றன. எமது சிறுவர் பிரிவுக்கு வரும் பெற்றோரும், அண்மையில் இங்கு வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் அந்நாட்களில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எத்தனை பாகைக் குளிர் தாங்கும் பூட்ஸ் வாங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். எனினும் அதற்கு ஓர் எண்ணை மட்டும் விடையாகச் சொல்ல நாம் விரும்புவதில்லை. பிள்ளையின் பாதம் சூடாக இருக்கும் என்பதற்குத் தடித்த பூட்ஸோ விலைகூடிய பூட்ஸோ உத்தரவாதம் தருவதில்லை. பூட்ஸின் உட்புறம் ஈரமின்றி இருக்கிறதா, விரல்களுக்கு முன்னே சிறிது இடம் இருக்கிறதா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

பூட்ஸ் எதுவும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு பிள்ளையின் இரத்தத்தோடு பாதத்துக்கு வருகிறது. பூட்ஸ் அதனை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கிறது. அவ்வாறு பிடித்து வைப்பதில் பெரும்பங்கு, காலுறையின் இழைகளுக்கிடையிலும் உள்ளுறையிலும் அசையாது தங்கியிருக்கும் காற்றுக்கு உரியது. இறுக்கமான பூட்ஸில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. அதனோடு இரத்தக் குழாய்களும் அழுத்தப்படுவதால் சூடு வந்து சேரும் வழியும் ஒடுங்குகிறது. ஆகவே ‘குளிருக்கு இதமாக இறுக்கிப் பிடிக்கட்டும்’ என்று ஒரு காலுறைக்கு மேல் இன்னொன்றை அணிவித்துக் காலைத் திணிப்பது எதிர்மாறான பலனையே தரும்.

ஈரத்தின் கேடு இதனினும் பெரிது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துகிறது. நனைந்த காலுறையோடு நிற்கும் பிள்ளைக்கு, எவ்வளவு தடித்த பூட்ஸாயினும் அதனால் கிடைக்கும் உதவி சொற்பமே. அந்த ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. ஓடி விளையாடும் பிள்ளையின் பாதம் நன்றாக வியர்க்கும். அந்த வியர்வை உள்ளுறையில் ஊறித் தங்கிவிடும்.

எண்ணின் கதைக்கு வருவோம். சில பூட்ஸ்களில் ‘-30’, ‘-40’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலைக் கொண்டு இவ்வெண்ணைக் குறிப்பதில்லை. அணிந்திருப்பவர் நடந்துகொண்டிருக்கிறார் என்ற எண்ணத்திலேயே பெரும்பாலும் இது சொல்லப்படுகிறது; தள்ளுவண்டியில் அசையாது அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் இரு பூட்ஸ்களை ஒப்பிட அந்த எண் உதவலாம். அதற்கு மேல் அதனை நம்ப வேண்டியதில்லை. வினிப்பெக் நகரின் சனவரி மாதம் கடுங்குளிர், ஆனால் உலர்ந்த குளிர். ரொறன்ரோவிலோ சனவரிப் பகல்கள் பல சுழியப் பாகையை ஒட்டியே கழிகின்றன. காலையில் விழுந்த பனி மதியத்தில் பாதி உருகி, வீதி உப்போடு கலந்து சேறாகிவிடுகிறது. எமது பிள்ளைகளின் பாதங்கள் இங்கு குளிரால் வருந்துவதற்கு முன்னர் ஈரத்தால் வருந்துகின்றன. இந்நகரில் ‘-40’ என்ற எழுத்தைவிட ‘வோட்டர்புரூஃப்’ என்ற எழுத்தே பெறுமதி கூடியது. ‘வோட்டர் ரெசிஸ்ரன்ற்’ என்றிருந்தால் அது சிறு தூறலுக்கு மட்டுமே ஈடுகொடுக்கும் என்று கொள்க. மழைக்கால இறப்பர் பூட்ஸ் நீரை முற்றாகத் தடுக்கும்; ஆயினும் உள்ளுறை இல்லாததால் குளிரைத் தடுக்காது.

அளவெடுக்கும் முறை

இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம். பெரும்பாலான பிழைகள் இங்குதான் நேர்கின்றன.

குளிர்காலத்தில் அணியவிருக்கும் அதே காலுறையைப் பிள்ளைக்கு அணிவியுங்கள். சுவரோரம் தரையில் ஒரு தாளை விரித்து, குதிக்கால் சுவரைத் தொட, இரு கால்களிலும் பாரத்தை ஊன்றிப் பிள்ளையை நிற்கச் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு குறைவாகவே இருக்கும். மிக நீண்ட விரலின் நுனியில் ஒரு கோடு இடுங்கள். அது எப்போதும் பெருவிரலாக இருப்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரலே நீளமானது. மற்றக் காலையும் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை கூட்டினால் வருவதே பூட்ஸின் உள்நீளம். அந்நீளத்துக்கு ஓர் ஒடுங்கிய அட்டைத் துண்டை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டால், பிள்ளை உடன் வராத நாளிலும் கடையில் பூட்ஸுக்குள் செருகிப் பார்க்கலாம். அட்டை வளையாமல் தட்டையாகக் கிடக்க வேண்டும்.

பிள்ளை உடன் வந்திருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. கழற்றக்கூடிய உள்ளுறையையோ அடியட்டையையோ வெளியே எடுத்து, அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். முன்னே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, பாதத்தின் ஓரங்கள் வெளியே வழிகின்றனவா என்பதைக் கண்ணாலேயே காணலாம். பூட்ஸின் முன்பகுதியை வெளியிலிருந்து பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது சாதாரணச் சப்பாத்துக்குச் சரி. குளிர்காலப் பூட்ஸின் முன்பகுதி தடித்தது; அமுக்கினால் ஒன்றும் தெரியாது. மேலும், அமுக்கும் கையை உணர்ந்ததும் சிறுபிள்ளைகள் விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கு சிறுவர் அளவெண்கள் 13 வரை சென்று, பின்னர் மீண்டும் 1 எனத் தொடங்கும். ஆகவே ‘1’ என்ற எண்ணைக் கண்டு அது கைக்குழந்தைக்கு உரியதென எண்ணிவிட வேண்டாம். ஓர் அளவெண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர்.

‘அடுத்த வருடத்துக்கும் உதவும்’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் வழக்கம் எமது வீடுகளில் நன்கு வேரூன்றியது. செலவைப் பற்றிய கவலையை நாம் மதிக்கின்றோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன இடைவெளியோடு ஒரு பூட்ஸை வாங்கி, அதற்கு மேல் இரண்டு அளவு கூட்டினால், விரலுக்கு முன்னே ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளையின் குதிக்கால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழும். படியில் தடுக்கி விழும். மறுபக்கத்தில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் பாதம் ஓராண்டில் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல் வளரக்கூடும். சென்ற மார்ச்சில் சரியாக இருந்த பூட்ஸ் இந்த நவம்பரில் சிறிதாகிவிட்டிருக்கும். சிறுபிள்ளைகள் ‘கடிக்கிறது’ என்று சொல்வதும் இல்லை. குளிரில் விரல் மரத்துவிட்டால் சொல்வதற்கு உணர்வும் இராது. ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் மட்டுமன்றி, சனவரியிலும் ஒருமுறை அட்டைத் துண்டைப் புதிதாக வெட்டிப் பாருங்கள்.

அண்ணாவின் பூட்ஸைத் தம்பிக்கு அணிவிப்பதில் எமக்கு மறுப்பில்லை. அடிப்பாகத்தின் வெட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, இறப்பரும் மேற்பகுதியும் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். உள்ளே சுருட்டிய செய்தித்தாளை அடைத்து, சில நிமிடங்கள் ஆழமற்ற நீரில் நிறுத்திவையுங்கள். தாள் நனைந்தால் அந்தப் பூட்ஸ் பனிக்கு உதவாது. தட்டையாகிப்போன உள்ளுறையை மட்டும் மாற்றினாலே பல பழைய பூட்ஸ்கள் இன்னொரு குளிர்காலத்தைக் காணும்.

கெண்டைக்காலின் நடுப்பகுதி வரையேனும் உயரம் இருந்தால் பனி உள்ளே விழாது. பனிக் காற்சட்டையின் உள்விளிம்பிலுள்ள மீள்தன்மைப் பட்டியைப் பூட்ஸின் மேலாக இழுத்துவிட வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. பூட்டும் முறையைப் பிள்ளையின் கைக்கு ஏற்பத் தெரிவு செய்க. பாலர் வகுப்பில் ஓர் ஆசிரியர் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இடைவேளைக்கு ஆயத்தப்படுத்த வேண்டியிருக்கும்; நாடா கட்டும் பூட்ஸ் அங்கு கட்டப்படாமலே வெளியே போகும். அகன்ற வாயும் வெல்குரோப் பட்டியும் கொண்டதே உகந்தது. வகுப்பறையில் அணிய வேறொரு சப்பாத்தை அனுப்பிவையுங்கள். பூட்ஸோடு நாள் முழுவதும் உள்ளே இருந்தால் கால் வியர்த்து, இடைவேளைக்கு முன்னரே உள்ளுறை ஈரமாகிவிடும்.

காலுறை ஒன்றே போதும். அது கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆனதாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும்.

வழுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழமான வெட்டுகள் பனியில் பிடிக்கும்; பளிங்குபோல் உறைந்த பனிக்கட்டியில் அவை பெரிதும் உதவா. குளிரிலும் இறுகிப்போகாத மென்மையான இறப்பரே அங்கு பிடிமானம் தரும். ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவகத்தின் ஆய்வாளர்கள், தரையைச் சரிக்கக்கூடிய பனிக்கட்டி ஆய்வுகூடம் ஒன்றில் மனிதர்களையே நடக்கவைத்து வளர்ந்தோரின் பூட்ஸ்களைச் சோதித்தனர். 2016 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 98 வகைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றன. பிள்ளைகளைக் கையில் ஏந்தி நடப்பவர்கள் வளர்ந்தோரே என்பதால், உங்கள் பூட்ஸையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சிகிச்சை பெறும் பிள்ளைகள்

எமது பிரிவுக்கு வரும் பிள்ளைகள் சிலருக்கு மேற்கூறியவை மட்டும் போதா. வின்கிறிஸ்ரின் போன்ற மருந்துகள் பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். முள்ளந்தண்டில் பிறவிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கும் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். இவர்களுக்குக் குளிர்வதும் தெரியாது, பூட்ஸுக்குள் கிடக்கும் சிறுகல்லும் தெரியாது. ‘குளிருகிறதா?’ என்று கேட்டு அறிய இவர்களிடம் வழியில்லை. ஒவ்வொரு முறையும் அணிவிக்கும் முன் பூட்ஸுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே வந்ததும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்குகளையும் பாதத்தின் அடியையும் பாருங்கள். வெளியே இருக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிள் செல் நோயுள்ள பிள்ளைகளுக்குக் குளிரும் ஈரமும் கடும் வலியைத் தூண்டக்கூடும். மேலதிகக் காலுறை ஒரு சோடியைப் பள்ளிப் பையில் வைத்து, நனைந்தவுடன் மாற்ற உதவுமாறு ஆசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். வேண்டுமானால் எமது தாதியரும் அதற்கான கடிதத்தைத் தயாரிக்க உதவுவர்.

ஏ.எஃப்.ஓ. எனப்படும் கணுக்கால் தாங்கி அணியும் பிள்ளைக்கு, தாங்கியை அணிவித்த நிலையிலேயே பூட்ஸை அளக்க வேண்டும். முன்விரல் வரை அகலத் திறக்கும் வகையைத் தேடுங்கள். அடியட்டையை எடுத்துவிட்டால் இடம் கூடும். இரு கால்களுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம் என்பதால், வாங்கும் முன் தாங்கியைச் செய்தளித்த நிபுணரிடம் கேட்பது நன்று. காலில் கட்டுப் போட்டிருக்கும் பிள்ளைக்குப் பூட்ஸை வலிந்து மாட்ட வேண்டாம். பெரிய கம்பளிக் காலுறையால் விரல்களை மூடி, அதன்மேல் நீர் புகாத உறையை அணிவியுங்கள்.

இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைக்குப் பூட்ஸே தேவையில்லை. மென்மையான கம்பளிப் பாத உறையும் தள்ளுவண்டிக்குரிய போர்வையும் போதும். அசையாதிருப்பதால் அதன் பாதத்தை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் உள்ளுறையை வெளியே எடுத்து, அறைக் காற்றில் தொங்கவிடுங்கள். உள்ளுறை கழறாத பூட்ஸாயின், செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, ஓரிரு மணி நேரத்தின் பின் மாற்றுங்கள். வெப்பமூட்டியின் மேல் நேரடியாக வைத்தால் இறப்பர் வெடிக்கும், பசை விட்டுப்போகும். இரண்டாவது சோடி உள்ளுறை ஒன்றை வாங்க முடிந்தால், விலைகூடிய பூட்ஸுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது நன்றாகச் செலவழித்த பணம் என்பது எமது கருத்து.

வெப்பநிலையோ காற்றோடு சேர்ந்த குளிர்மையோ -27 ஆகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் பிள்ளைகள் உள்ளேயே விளையாட வேண்டும் எனக் கனடியச் சிறுவர் வைத்தியச் சங்கம் அறிவுறுத்துகிறது. அந்நிலையில் திறந்திருக்கும் தோல் உறையத் தொடங்கும். ஈரமான பூட்ஸுக்குள் இருக்கும் விரல்களுக்கு அவ்வளவு குளிர்கூடத் தேவையில்லை.

உறைபனிக் காயத்தின் தொடக்கத்தில் தோல் சிவந்து, பின்னர் வெளிறும் என்று கையேடுகள் கூறும். எமது பிள்ளைகளின் மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோலத் தோன்றலாம். ஆகவே கண்ணைவிடக் கையை நம்புங்கள். இரு பாதங்களையும் ஒப்பிட்டுத் தொடுங்கள். ஒரு விரல் மட்டும் மிகக் குளிர்ந்து, மெழுகுபோல் இறுகி, தொட்டாலும் பிள்ளை உணராவிட்டால் அது அவசர நிலை. ஈரக் காலுறையை உடனே அகற்றுங்கள். தேய்க்க வேண்டாம்; பனியால் தேய்ப்பது மேலும் கேடு. அடுப்பு, வெப்பமூட்டி, சுடுநீர்ப் போத்தல் எதுவும் வேண்டாம். உணர்வற்ற தோல் வெந்துபோவதைப் பிள்ளையால் சொல்ல முடியாது. உங்கள் முழங்கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும் நீரில் பாதத்தை அமிழ்த்தி வையுங்கள். சூடு திரும்பும்போது குத்தும், எரியும், பிள்ளை அழும். கொப்புளம் தோன்றினாலோ, சூடாக்கிய பின்னும் உணர்வோ நிறமோ திரும்பாவிட்டாலோ, மறுநாள் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். ஐயம் மட்டுமே எனில், ஒன்ராறியோவில் எந்நேரத்திலும் 811 என்ற இலக்கத்தை அழைத்துத் தாதி ஒருவரிடம் கேட்கலாம்.