ஒரு பூஞ்சணம், இரு வடிவங்கள்

கேமரன் மலையில், கோலா தெர்லா வட்டாரத்தில், தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்வோருக்கு முள்ளும் குச்சியும் கையைக் கீறுவது புதிதன்று. பால்மரக் காட்டில் புல் வெட்டும் நமக்கும் அது அன்றாட நிகழ்ச்சியே. அத்தகைய கீறலின் வழியே உடலுள் புகக்கூடிய ஒரு பூஞ்சணத்தை நாம் அறிந்திருத்தல் நலம். அதன் பெயர் ஸ்போரோத்ரிக்ஸ். அது விளைவிக்கும் நோயை அமெரிக்காவில் ஷெங்க் என்பார் 1898-இல் முதன்முதலாக விவரித்தார்.

இப்பூஞ்சணம் மண்ணிலும் மக்கிய இலைகளிலும் மரத்திலும் வாழ்வது. 1940-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், முட்டுக் கொடுத்திருந்த மரங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு இது தொற்றியது. நம் நாட்டிலோ நோயுற்ற பூனையின் கீறலும் கடியுமே முக்கிய காரணமாகக் காணப்படுகின்றன.

கீறிய இடத்தில் சில வாரங்களில், பெரும்பாலும் வலியற்ற சிறு கட்டி தோன்றிப் புண்ணாகும். பின்னர் கை வழியே மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் எழலாம். சாதாரணச் சீழ்ப்புண்ணுக்கு உண்ணும் மருந்துகள் இதனைத் தீர்க்கமாட்டா. ஆகவே, நோயைச் சரியாக அறிதல் இன்றியமையாதது.

மனிதரின் புண்ணில் இக்கிருமிகள் மிகச் சிலவே இருப்பதால், நுண்பெருக்காடியில் பெரும்பாலும் தென்படுவதில்லை. எனவே ஆய்வுக்கூடத்தில் அவற்றை வளர்க்கின்றனர். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவை நூல்நூலாகப் படர்ந்து, பூங்கொத்துப் போல வித்துகளைத் தாங்கும். வேறு சில பூஞ்சணங்களும் இவ்வாறு தோன்றக்கூடும். ஆதலால் அதில் ஒரு சிறு பகுதியை, மூளை, இதயச் சாற்றுடன் குருதி கலந்த உணவிலிட்டு, 37 பாகையில், அதாவது நம் உடல் வெப்பத்தில், வைக்கின்றனர். அங்கே நூல்களுக்குப் பதிலாக, சுருட்டுப் போன்று நீண்டு, மொட்டு விட்டுப் பெருகும் உயிரணுக்கள் உண்டாகும். இதுவே நம் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் வடிவம். ஒரே முறையில் மாறாவிடில், புதிய உணவுக்குப் பன்முறை மாற்றி வளர்ப்பர்.

கோப்பையிலுள்ள பால் ஆசிட் சேர்ந்ததும் உறைவதை நாம் அறிவோம். உறைந்தது மீண்டும் பாலாவதில்லை. இப்பூஞ்சணமோ வெப்பம் குறைந்தால் மீண்டும் நூலாகும்.

இவ்வாய்வுக்கு வாரக்கணக்கில் காலம் ஆகலாம். நாம் பொறுமை இழத்தல் கூடாது. ஆறாத புண் இருப்பின் மருத்துவரிடம் காட்டி, நம் தொழிலையும், பூனை கீறியிருந்தால் அதனையும் மறவாமல் கூறுவோம். இட்ராகோனசோல் போன்ற மருந்துகளைப் பல மாதங்கள் உண்ண நேரிடும். புண் ஆறத் தொடங்கியதும் நாமாக நிறுத்திவிடலாகாது. வேலையின்போது கையுறை அணிவோம். கீறல் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுவோம். உழைக்கும் கைகளைக் காப்பது நம் பிழைப்பைக் காப்பதாகும்.